இரவு ஒன்பதரைக்கு விரிக்கும் பாய்: வேலூரில் வாங்கிய கோரைப் பாய், இலவம் பஞ்சுத் தலையணை பற்றி ஒரு மதிப்புரை

வேலூர் லாங்கு பஜாரை ஒட்டிய சந்து ஒன்றில் இருக்கும் பழைய பாய்க்கடையில் வாங்கிய வந்தவாசிக் கோரைப் பாயையும், அதே கடையில் பஞ்சு அடைத்துத் தைத்துக் கொடுத்த இலவம் பஞ்சுத் தலையணையையும் கோடை, மழை, பனி ஆகிய மூன்று காலங்களிலும் பயன்படுத்திப் பார்த்துவிட்டு இந்த மதிப்புரையை எழுதுகிறேன். பாய் என்பது தரையில் விரித்துப் படுக்கும் பொருள்தானே, அதைப் பற்றி இவ்வளவு எழுத என்ன இருக்கிறது என்று சிலர் கேட்கலாம். எங்கள் வீட்டில் இரவு நேரம் ஓர் ஒழுங்குக்கு வருவதற்கு இந்தப் பாய் எந்த அளவுக்கு உதவியது, மறுநாள் காலையில் எழும்போது உடலும் மனமும் எப்படி இருந்தன என்பவற்றை வைத்தே நான் இதை மதிப்பிடுகிறேன். அப்படிப் பார்க்கும்போது, சில நூறு ரூபாய்க்கு வாங்கிய பொருள்களில் இதைவிட அதிகம் பயன்பட்ட இன்னொன்று எங்கள் வீட்டில் இல்லை.

வேலூரில் குடியிருப்பவர்களுக்கு இரவுப் புழுக்கத்தைப் பற்றி விளக்கத் தேவையில்லை. ஊரைச் சுற்றிலும் பாறைக் குன்றுகள்; சித்திரை, வைகாசி மாதங்களில் பகல் வெப்பம் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டுவது இங்கே வழக்கம். மொட்டை மாடித் தளம் பகலெல்லாம் வாங்கிய சூட்டைப் பொழுது சாய்ந்த பிறகும் வெகுநேரம் வீட்டுக்குள் இறக்கிக்கொண்டே இருக்கும். சத்துவாச்சாரியில் உள்ள எங்கள் வீட்டில் கட்டிலும் ரப்பர் நுரை மெத்தையும் உண்டு. கோடையில் அந்த மெத்தையில் படுத்தால் முதுகுப் பக்கம் வியர்த்து, புரண்டு புரண்டு படுத்து, கைப்பேசியை எடுத்துப் பார்த்து, கண் அசரும்போது நள்ளிரவு கடந்திருக்கும். என் கணவருக்கு ராணிப்பேட்டையில் வேலை. காலை ஆறரைக்கு வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டும். நான் ஆசிரியை; எனக்கும் பிள்ளைகளுக்கும் பள்ளி. இரவு கெட்டால் காலையில் ஒருவர் மீது ஒருவர் எரிந்து விழுவதும், சாவியையும் காலுறையையும் தேடுவதும், பாதி இட்லியை வைத்துவிட்டு ஓடுவதும் தவறாமல் நடக்கும். இதற்கு ஒரு வழி தேடியபோதுதான் என் மாமியார், முன்பு ஆரணியில் இருந்த காலத்தில் வீடு முழுக்க வந்தவாசிப் பாயில்தான் படுத்தோம், இப்போது ஏன் வாங்கக் கூடாது என்று கேட்டார்.

வந்தவாசி இன்று திருவண்ணாமலை மாவட்டத்தில் இருக்கிறது. 1989 வரை அது வட ஆற்காடு மாவட்டத்து ஊர். 1760இல் ஆங்கிலேயருக்கும் பிரெஞ்சுக்காரருக்கும் நடந்த போரை வைத்து வரலாற்றுப் பாடத்தில் அந்த ஊரின் பெயரைப் படித்திருப்போம். எங்கள் பக்கத்து வீடுகளில் அந்தப் பெயரைச் சொன்னால் முதலில் நினைவுக்கு வருவது பாய்தான். திருநெல்வேலிப் பக்கத்துப் பத்தமடைப் பாய் மிக மெல்லிய கோரையால் நெய்யப்படுவது. பட்டுப் போல் மடியும். திருமணச் சீர்வரிசைக்கு வாங்கிப் பத்திரப்படுத்துவார்கள். வந்தவாசிப் பாய் அன்றாடம் விரித்துச் சுருட்டுவதற்கானது. இழை சற்றுத் தடிப்பு, விலை குறைவு, உழைப்பு அதிகம். இப்போது அங்கே விசைத்தறியிலும் நெய்கிறார்கள். நான் வாங்கியதும் விசைத்தறிப் பாய்தான்.

கடையைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். முகப்பு குறுகல், உள்ளே நீளமாகப் போகிறது. வாசலில் பளபளப்பான பிளாஸ்டிக் பாய்களைத் தொங்கவிட்டிருப்பதால், கோரைப் பாய் வேண்டும் என்று வாய்விட்டுக் கேட்டால்தான் உள்ளே அழைத்துப் போகிறார்கள். சி.எம்.சி. மருத்துவமனைக்கு வரும் நோயாளிகளுக்குத் துணையாக வங்காளத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வந்து விடுதிகளில் தங்குபவர்கள், பிளாஸ்டிக் பாய்களைத்தான் அதிகம் வாங்கிப் போகிறார்களாம். ஊர் திரும்பும்போது எடை இல்லாமல் எடுத்துச் செல்லலாம் என்பது காரணம். நான் போயிருந்தபோதும் அப்படி ஒரு குடும்பம் விலை கேட்டுக்கொண்டிருந்தது; கடைக்காரப் பெரியவர் அவர்களுக்கு வங்காள மொழியிலேயே எண்ணிச் சொல்லி, ஒரு தலையணையை விலை இல்லாமலே சேர்த்துக் கட்டிக் கொடுத்தார். அவர் விற்கும் முறை எனக்குப் பிடித்திருந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

என்னிடம் அவர் கேட்ட முதல் கேள்வி விலையைப் பற்றியோ நிறத்தைப் பற்றியோ இல்லை. “உங்க ஊட்ல தரை இன்னாம்மா, சிமெண்டா, டைல்ஸா?” என்றார். டைல்ஸ் என்றேன். அப்படியானால் பாய் வழுக்கும், அடியில் ஒரு ஜமுக்காளம் போட்டுக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் பிள்ளைகள் ஓடி வந்து கால் வைக்கும்போது பாயோடு சேர்ந்து சறுக்கி விழுவார்கள் என்று விளக்கினார். பிறகு நான்கு அடி அகலமும் ஆறு அடி நீளமும் உள்ள பாய் ஒன்றை உருவி எடுத்து, வாசல் வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்துக் காட்டினார். நெசவு சீராக இருந்தால் வெளிச்சம் எல்லா இடத்திலும் ஒரே அளவாகக் கசியும். கோரை விட்டுப்போன இடத்தில் கோடு கோடாக ஒளி தெரியும். முதலில் எடுத்த பாயில் அப்படி ஒரு கோடு இருந்ததை அவரே காட்டி, அதை ஒதுக்கி வைத்துவிட்டு வேறொன்றை எடுத்தார்.

பாய் வாங்கும்போது பார்க்க வேண்டிய மற்றவற்றையும் அவரிடம்தான் தெரிந்துகொண்டேன். கோரையைப் பிணைக்கும் பாவு நூல் பருத்தியா நைலானா என்று ஓரத்தைப் பிரித்துப் பார்க்க வேண்டும். நைலான் நூல் நீண்ட நாள் வரும். பருத்தி நூல் உடம்பில் உறுத்தாது, ஆனால் ஈரம் பட்டால் சீக்கிரம் இற்றுவிடும். சாயம் போட்ட பாயாக இருந்தால் ஈரத்துணியால் ஓரிடத்தில் அழுத்தித் தேய்த்துப் பார்க்க வேண்டும். துணியில் நிறம் ஒட்டினால் வியர்வையில் விரிப்பிலும் சட்டையிலும் ஒட்டும். நான் சாயமே இல்லாத, காய்ந்த புல்லின் நிறத்திலேயே இருந்த பாயை எடுத்துக்கொண்டேன். கோரையின் நுனிகள் வெளியே நீட்டிக்கொண்டிருக்காதபடி இரு பக்கமும் துணி மடித்து ஓரம் தைத்திருந்தார்கள். ஒரு பாய் 550 ரூபாய். இரண்டு வாங்கினேன். பேரம் பேசும் இடம் இல்லை. பேசினாலும் பெரிதாகக் குறையப் போவதில்லை.

முதல் வாரத்தில் பாயிலிருந்து பச்சைப் புல்லின் மணம் அறையெல்லாம் பரவியிருந்தது. எனக்கு அது பிடித்திருந்தது. என் மகளுக்குப் பிடிக்கவில்லை. இரண்டு மூன்று முறை நிழலில் காற்றாட விரித்துப் போட்ட பிறகு மணம் தணிந்துவிட்டது. கெட்டியான தரையில் படுத்துப் பழக்கம் இல்லாதவர்களுக்கு முதலில் இடுப்பும் தோளும் வலிக்கும் என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அடியில் ஒரு ஜமுக்காளம், அதன் மேல் பாய், பாயின் மேல் ஒரு மெல்லிய பருத்தி விரிப்பு என்று மூன்று அடுக்காகப் போட்டதும் எங்களுக்கு அந்த வலி போயிற்று. விரிப்பு போடாமல் பாயிலேயே படுத்தால் கையிலும் கன்னத்திலும் கோரையின் வரிகள் பதிந்துவிடும். என் மகன் காலையில் அந்த வரிகளைக் கண்ணாடியில் பார்த்துச் சிரிப்பான்.

கோடையில் இதன் பயன் முதல் இரவிலேயே தெரிந்தது. தூக்கம் வரும் நேரத்தில் உடலின் உள்வெப்பம் சற்றுக் குறைய வேண்டும். அதற்காக உடல் கை, கால்களின் தோல் வழியாகச் சூட்டை வெளியேற்றுகிறது. நுரை மெத்தை அந்தச் சூட்டைத் தன்னிடமே பிடித்து வைத்துக்கொள்கிறது. கோரைத் தண்டின் உள்பகுதி பஞ்சு போல் இருப்பதாலும், இழைக்கும் இழைக்கும் நடுவே இடைவெளி இருப்பதாலும் பாயில் முதுகுக்கு அடியில் காற்று நுழைகிறது, வியர்வை தேங்குவதில்லை. இதோடு சேர்த்து நாங்கள் ஏற்படுத்திக்கொண்ட இன்னொரு வழக்கம், படுப்பதற்கு ஒன்றரை மணி நேரம் முன்பு வெதுவெதுப்பான நீரில் குளிப்பது. வெயில் ஊரில் வெந்நீரா என்று என் கணவர் முதலில் மறுத்தார். ஆனால் 2019இல் டெக்சாஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, படுப்பதற்கு ஒன்று முதல் இரண்டு மணி நேரம் முன்பு 40 முதல் 42.5 டிகிரி வரை சூடுள்ள நீரில் குளிப்பவர்களுக்குச் சராசரியாகப் பத்து நிமிடம் முன்னதாகவே தூக்கம் வருகிறது என்று எழுதினார்கள். வெந்நீர் பட்டதும் தோலுக்கு இரத்த ஓட்டம் கூடி, குளித்து முடித்த பிறகு உள்சூடு விரைவாக இறங்குவதுதான் காரணம். எங்கள் ஊரில் மே மாதத்தில் மேல்தொட்டித் தண்ணீர் மாலையிலும் சூடாகவே வரும். அதற்காகத் தனியாக வெந்நீர் போடவும் வேண்டியதில்லை.

இந்தப் பாயின் பெரிய பயன் குளிர்ச்சியைவிட வேறொன்றில் இருக்கிறது என்று நான் கருதுகிறேன். கட்டில் எப்போதும் விரித்தே கிடக்கிறது. மாலையில் அதில் உட்கார்ந்து தேர்வுத்தாள் திருத்தலாம், காய் நறுக்கலாம், படுத்தபடி கைப்பேசியில் காணொளி பார்க்கலாம், உறவினரிடம் சண்டை போட்டுப் பேசலாம். படுக்கை எப்போது படுக்கையாகிறது என்பதற்கு ஓர் எல்லையே இல்லை. பாய் அப்படி இல்லை. அது பகல் முழுவதும் சுவர் மூலையில் சுருட்டி நிற்கிறது. அதை விரிக்க வேண்டுமானால் கூடத்தில் கிடக்கும் புத்தகப் பையையும் விளையாட்டுச் சாமான்களையும் எடுத்து வைத்து, தரையைப் பெருக்கி, தொலைக்காட்சியை நிறுத்தி, விளக்கைத் தணிக்க வேண்டியிருக்கிறது. அதைச் செய்து முடிக்கும்போது வீடு தானாகவே அடங்கிவிடுகிறது. எங்கள் வீட்டில் இப்போது இரவு ஒன்பதரைக்குப் பாய் விரிப்பது என்று முறை வைத்திருக்கிறோம். பாயின் மேல் சாப்பாடு இல்லை, கணக்கு வழக்கு இல்லை, கைப்பேசி இல்லை.

தூக்கமின்மைக்கு மருத்துவ உலகம் சொல்லும் வழியும் இதற்கு மிக நெருக்கமாக இருக்கிறது. ரிச்சர்ட் பூட்சின் என்ற அமெரிக்க உளவியலாளர் 1972இல் ஒரு முறையை முன்வைத்தார். படுக்கையைத் தூங்குவதற்கு மட்டுமே பயன்படுத்த வேண்டும். தூக்கம் வரும்போது மட்டுமே அதில் படுக்க வேண்டும். கொஞ்ச நேரம் கழித்தும் தூக்கம் பிடிக்காவிட்டால் எழுந்து வேறு அறைக்குப் போய்விட வேண்டும். முந்தின இரவு எப்படிப் போனாலும் காலையில் ஒரே நேரத்துக்கு எழ வேண்டும். படுக்கையைக் கண்டாலே மனம் விழிப்பையும் கவலையையும் நினைத்துக்கொள்ளும் பழக்கத்தை உடைத்து, அந்த இடத்தைத் தூக்கத்தோடு மட்டும் சேர்த்துப் பழக்குவதுதான் இதன் நோக்கம். இன்று தூக்கமின்மைக்கான நடத்தைச் சிகிச்சைகளில் இந்த முறை முக்கியமான பகுதியாக இருக்கிறது. நாள்பட்ட தூக்கமின்மைக்கு மாத்திரைக்கு முன்பே இத்தகைய சிகிச்சையைத்தான் தொடங்க வேண்டும் என்று அமெரிக்க மருத்துவர் கல்லூரி என்ற மருத்துவர் அமைப்பு 2016இல் பரிந்துரைத்தது. கட்டிலில் இந்த விதிகளைக் கடைப்பிடிக்க மன உறுதி வேண்டும். பாயில் அந்த உறுதியின் பாதி வேலையைப் பாயே செய்துவிடுகிறது, ஏனென்றால் விரிக்காத பாயில் யாரும் படுத்துக்கொண்டு கைப்பேசி பார்க்க முடியாது.

பாய் விரிப்பதற்கு முந்தைய அரை மணி நேரத்தைத்தான் நான் மிகவும் மதிக்கிறேன். மறுநாள் எப்படி இருக்கும் என்பதை எங்கள் வீட்டில் பெரும்பாலும் அந்த அரை மணி நேரமே முடிவு செய்கிறது. மாவு உப்பி வழியாமல் இருக்கப் பாத்திரத்தை மாற்றி வைப்பது, கொண்டைக்கடலையை ஊறப் போடுவது, என் கணவரின் அடையாள அட்டையையும் வண்டிச் சாவியையும் வாசல் ஆணியில் மாட்டுவது, பிள்ளைகளின் சீருடையை எடுத்து நாற்காலியில் போடுவது ஆகியவை முதலில் முடியும். அதன் பிறகு, போன ஆண்டின் பழைய நாட்குறிப்பு ஒன்றில் மறுநாள் செய்ய வேண்டியவற்றை எழுதுகிறேன். எரிவாயு உருளை பதிவு, மாமியாரின் இரத்த அழுத்த மாத்திரை, எட்டாம் வகுப்புக் கணக்குத் தேர்வுத்தாள், மகளின் கிழிந்த காலணிக்குத் தையல் என்று சின்னச் சின்னதாக எழுதுவேன். மைக்கேல் ஸ்கல்லின் என்பவர் தலைமையில் பெய்லர் பல்கலைக்கழகத்தில் 57 இளைஞர்களை வைத்து நடத்தி, 2018இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், படுக்கும் முன் ஐந்து நிமிடம் செலவிட்டு இனிச் செய்ய வேண்டிய வேலைகளை எழுதியவர்கள், செய்து முடித்த வேலைகளை எழுதியவர்களைவிடச் சராசரியாக ஒன்பது நிமிடம் முன்னதாகவே உறங்கினார்கள். எந்த அளவுக்கு விவரமாக எழுதினார்களோ அந்த அளவுக்கு விரைவாகத் தூக்கம் வந்தது. இதில் வியப்பு ஒன்றும் இல்லை. முடியாத வேலை மனத்தில் சுற்றிக்கொண்டே இருக்கும். தாளில் இறக்கி வைத்துவிட்டால், மறந்துவிடுவோமோ என்ற பயம் விலகும். எழுதிய தாள் சமையலறை மேடையில் உப்புச் சாடிக்கு அடியில் இருக்கும். படுக்கும் இடத்துக்கு வராது.

கைப்பேசிகளும் அதே சமையலறை மேடையில்தான் இரவைக் கழிக்கின்றன. இதற்கு வீட்டில் எதிர்ப்பு இருந்தது. அலாரம் வேண்டுமே என்றார் என் கணவர். அதற்கு ஒரு சாதாரண மேசைக் கடிகாரம் வாங்கினோம். திரையின் ஒளி, அதிலும் நீல ஒளி, இரவு வந்துவிட்டது என்று உடலுக்குச் சொல்லும் மெலட்டோனின் சுரப்பைத் தள்ளிப்போடுகிறது என்பது பலருக்கும் தெரியும். என் அனுபவத்தில் ஒளியைவிட உள்ளடக்கமே அதிகம் கெடுக்கிறது. படுக்கும் நேரத்தில் பள்ளிக் குழுவில் வரும் ஒரு செய்தி போதும், மனம் அதற்குப் பதில் தேடத் தொடங்கிவிடும்.

காப்பியைப் பற்றியும் ஒரு சொல். வடிகட்டிக் காப்பி எங்கள் வீட்டில் ஒரு பிரியமான விஷயம். அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் படுப்பதற்கு ஆறு மணி நேரம் முன்பு குடித்த அதிக அளவு காஃபின்கூட இரவுத் தூக்கத்தில் ஒரு மணி நேரத்துக்கு மேல் குறைத்துவிடுகிறது என்று 2013இல் வெளிவந்த ஆய்வு ஒன்று காட்டியது. அந்த ஆய்வில் கொடுத்தது 400 மில்லிகிராம். நம் வீட்டு டம்ளர் அளவைவிட அது அதிகம்தான். இருந்தாலும் நான்கு மணிக்குப் பிறகு காப்பி இல்லை என்று நாங்கள் வைத்துக்கொண்டோம். மாமியார் மட்டும் சுக்கு, தனியா போட்ட கஷாயத்துக்கு மாறிவிட்டார்.

பிள்ளைகளுக்குப் பாய் ஒரு கொண்டாட்டமாகவே ஆகிவிட்டது. நான்கு அடிப் பாயில் அவர்கள் இருவரும் ஒருவர் தலைமாட்டில் மற்றவர் கால் வைத்துப் படுத்துக்கொள்வார்கள். விளக்கைத் தணித்த பிறகு என் மாமியார், வேலூர்க் கோட்டையின் அகழியைப் பற்றியும், சிறுவயதில் பாலாற்று மணலில் ஊற்று தோண்டித் தண்ணீர் எடுத்ததைப் பற்றியும் கதை சொல்வார். கதை பாதியிலேயே இருவருடைய மூச்சும் சீராகிவிடும். கட்டிலில் தனித்தனி அறையில் படுத்தபோது இந்தக் கதைகளுக்கு இடமே இருக்கவில்லை.

இலவம் பஞ்சுத் தலையணைக்கு நான் பாய் அளவுக்கு மதிப்பெண் கொடுக்க மாட்டேன். பஞ்சு நல்ல பஞ்சுதான். கடையில் கண் முன்னே மூட்டையைப் பிரித்து, கையளவு எடுத்து ஊதிக் காட்டினார்கள். விதையும் சருகும் அதிகம் இல்லை. இலவ இழை உள்ளே குழல் போல் காலியாக இருப்பதால் எடை மிகக் குறைவு. இழையின் மேல் மெழுகுத் தன்மை இருப்பதால் வியர்வையை எளிதில் உறிஞ்சிக்கொள்வதில்லை. ஆனால் பஞ்சைக் கொஞ்சம் அதிகமாகவே அடைத்துவிட்டார்கள். முதல் நாளே கழுத்து வலித்தது. உறையின் ஒரு தையலைப் பிரித்து மூன்று கைப்பிடிப் பஞ்சை எடுத்த பிறகுதான் தலை வைக்க வசதியாயிற்று. உறைத்துணியின் நெசவும் சற்று இளக்கம். மெல்லிய தூசு வெளியே வருகிறது. தும்மலோ இளைப்போ உள்ளவர்கள் இதை வாங்க வேண்டாம் என்றே சொல்வேன்; வாங்கினால் நெருக்கமாக நெய்த துணியில் இரண்டாவது உறை போட்டுக்கொள்ள வேண்டும். இந்தத் தலையணையைத் துவைக்கக் கூடாது. வெயிலில் காய வைத்து, தட்டி, உதறினால் போதும். நெருப்புப் பட்டால் இலவம் பஞ்சு குபீரென்று பற்றிக்கொள்ளும். கொசுவத்திச் சுருளைத் தலைமாட்டில் வைக்கும் பழக்கம் உள்ளவர்கள் இதைக் கட்டாயம் நினைவில் வைக்க வேண்டும். விலை 450 ரூபாய்.

பாயிலும் குறை இல்லாமல் இல்லை. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் தரை ஈரம் பாயில் ஏறி, அடிப்பக்கத்தில் சாம்பல் நிறத்தில் பூசணம் பூத்தது. கடைக்குப் போய்க் கேட்டேன். தண்ணீர் ஊற்றிக் கழுவாமல், வெந்நீரில் பிழிந்த துணியால் துடைத்து, மின்விசிறிக் காற்றில் உலர்த்தச் சொன்னார் பெரியவர். “வெயில்ல போட்டுடாதம்மா, கோரை மொறுமொறுன்னு ஒடிஞ்சிடும், நெழல்ல ஆற வையி” என்று மீண்டும் மீண்டும் சொன்னார். அவர் சொன்னபடி செய்ததில் பூசணம் போயிற்று; மிக மெல்லிய கறை மட்டும் தங்கியிருக்கிறது. மழை மாதங்களில் பாயைக் காலையில் உடனே சுருட்டாமல், அரை மணி நேரம் மறுபக்கம் திருப்பிப் போட்டு ஆறவிட்ட பிறகு சுருட்டுவது நல்லது. பாயை மடிக்கக் கூடாது. மடித்த இடத்தில் கோரை முறிந்து, அந்த முறிவு உடம்பில் குத்தும். மார்கழியில் தரைக் குளிர் மேலே ஏறுகிறது. அப்போது ஜமுக்காளத்துக்குப் பதிலாகப் பருத்திக் கம்பளம் ஒன்றை அடியில் போட்டோம்.

எல்லோருக்கும் இது பொருந்தாது என்பதையும் அக்கறையோடு சொல்ல விரும்புகிறேன். முழங்கால் தேய்மானம் உள்ளவர்கள், தரையிலிருந்து எழச் சிரமப்படும் முதியவர்கள், பிரசவம் நெருங்கிய பெண்கள் தரைப் படுக்கைக்காகத் தங்களை வருத்திக்கொள்ளக் கூடாது. என் மாமியாரே கட்டிலில்தான் படுக்கிறார். பாய் வாங்கச் சொன்னது அவர்தான் என்றாலும், அவருடைய முழங்கால் அதற்கு இடம் கொடுப்பதில்லை. அதேபோல, வாரத்தில் மூன்று இரவாவது தூக்கம் இல்லாமல் மூன்று மாதம் கடந்துவிட்டால் அது பாயாலும் தலையணையாலும் தீரக்கூடிய விஷயம் இல்லை. மருத்துவரைப் பார்க்க வேண்டும். உரக்கக் குறட்டை விட்டு, நடுவில் மூச்சு நின்று திணறி எழுபவர்களும் காத்திருக்கக் கூடாது.

காலையைப் பற்றிச் சொல்லாவிட்டால் இந்த மதிப்புரை முழுமை பெறாது. ஐந்தரைக்கு எழுந்து விரிப்பை உதறி, பாயைச் சுருட்டி மூலையில் நிறுத்திய பிறகு மறுபடியும் போய்ப் படுக்க இடமே இருப்பதில்லை. கூடத்துச் சன்னலைத் திறந்து ஐந்து நிமிடம் வெளிச்சத்தில் நிற்கிறோம். காலை ஒளி கண்ணில் பட்டால்தான் உடலின் உள்கடிகாரம் அன்றைய இரவின் தூக்க நேரத்தையும் சரியாகக் குறித்துக்கொள்ளும். உப்புச் சாடிக்கு அடியில் இருக்கும் தாளை எடுத்துப் பார்த்தால் அன்றைய வேலை கண் முன்னே இருக்கிறது. பெரியவர்களுக்கு இரவில் ஏழு மணி நேரமாவது தூக்கம் வேண்டும் என்று அமெரிக்கத் தூக்க மருத்துவ அமைப்புகள் 2015இல் பரிந்துரைத்தன. பத்து மணிக்குப் படுத்து ஐந்தரைக்கு எழும்போது அந்த ஏழு மணி நேரம் எங்களுக்குக் கிடைத்துவிடுகிறது. என் கணவர் ஆறரைக்குக் கிளம்பும்போது இப்போது உட்கார்ந்து நான்கு இட்லி சாப்பிட்டுவிட்டுப் போகிறார். முதல் பாடவேளையில் நான் பிள்ளைகளிடம் குரலை உயர்த்துவது குறைந்திருக்கிறது. இதை என்னிடம் சொன்னது உடன் வேலை பார்க்கும் ஆசிரியை ஒருவர்.

மொத்தத்தில், பாய்க்கு ஐந்துக்கு நாலரை, தலையணைக்கு மூன்று, கடைக்கு ஐந்து கொடுப்பேன். வாங்க நினைப்பவர்கள் மழைக்காலத்தைத் தவிர்த்து, மாசி அல்லது பங்குனியில் போனால் ஈரமில்லாத பாயாகப் பார்த்து எடுக்கலாம். சித்திரை பிறந்துவிட்டால் நல்ல பாய்கள் சீக்கிரம் விற்றுவிடுகின்றன. சாயமில்லாத பாய், பருத்திப் பாவு, இரு பக்கமும் ஓரத்துணி என்று கேட்டு வாங்குங்கள். தலையணையில் பஞ்சைக் குறைத்து அடைக்கச் சொல்லுங்கள். மாமியாரின் கட்டிலுக்காக, மெத்தையின் மேல் விரிக்கக்கூடிய மெல்லிய கோரைப் பாய் ஒன்றுக்குச் சொல்லி வைத்திருக்கிறேன். அடுத்த சரக்கில் வரும் என்று பெரியவர் சொல்லியிருக்கிறார். அது வந்து சில காலம் பயன்படுத்திய பிறகு, முழங்கால் வலி உள்ளவர்களுக்கு அது உதவுகிறதா என்பதைத் தனியாக எழுதுகிறேன்.